கூட்டுக்கு முன்னால் ஒரு கிளை

ஸ்டூடியோக்காரருக்குக் கை சும்மா இருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் காலர் மடிந்திருந்தால் போதும், பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்துவிடுவார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் தாடையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவார். பெண்ணின் மாலையை ஒதுக்குவார். பெண்ணின் தாய்மாமனிடம் "நீங்க கொஞ்சம் வயித்தை உள்ள இழுங்க" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. முப்பது வருஷமாக ஊரின் முகங்களைத் திருப்பித் திருப்பிச் சோறு தின்ற கை அது.

அப்படிப்பட்டவர் காட்டுயிர்ப் படம் எடுக்கும் கேமரா கிளப்பில் சேர்ந்தது அவருக்கே ஒரு தண்டனைதான். ஞாயிறு விடிவதற்கு முன் ஏரிக்கரைக்குப் போய்ப் புதருக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும். பேசக்கூடாது, இருமக்கூடாது. கொக்கிடம் போய்த் தாடையைத் தூக்கச் சொல்ல முடியாது. அது திரும்பினால் திரும்பும், இல்லையென்றால் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கும். ஸ்டூடியோக்காரர் காலை மாற்றி மாற்றி வைப்பார். பாக்கெட்டில் சாவிக்கொத்தைக் குலுக்குவார். கிளப்பின் தலைவரான பல் டாக்டர் திரும்பி, வாயைத் திறக்கச் சொல்லும் அதே மென்மையோடு, "சார், ப்ளீஸ்" என்பார். வாயை மூடச் சொல்கிறார் என்று அர்த்தம்.

பிறகு ஏன் போனார் என்றால், மனைவிக்காக. கிளப்பில் முதலில் சேர்ந்தது அவள்தான்.

அவள் ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். முன்னறையில் அவர் படம் எடுப்பார். பின்னறையில் அவள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கி, பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, பின்னால் கொட்டாவி விடும் சித்தப்பா என்று எல்லாவற்றையும் எடுப்பாள். படம் வாங்க வருகிறவர்கள் முன்னறையிலேயே நின்று, "சார் கை பட்டா கழுதையும் குதிரையாயிடும்" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். பின்னறைக்கு அது கேட்கும். அவள் ஒன்றும் சொன்னதில்லை. மகள் வேலைக்காக வெளியூர் போன பிறகு ஒருநாள், பழைய கேமரா ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு, தோழியான உடற்பயிற்சி டீச்சரோடு ஏரிக்குக் கிளம்பினாள். அவ்வளவுதான். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. கல்லைப்போல் உட்கார்ந்திருப்பாள். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவாள். அந்த ஒன்று பேசும்.

போன வருஷக் கண்காட்சியில் அவளுடைய மீன்கொத்திக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பல் டாக்டர் மேடையிலிருந்து இறங்கி நேராக ஸ்டூடியோக்காரரிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க கைவண்ணம் தெரியுது சார்" என்றார். இல்லை, நான் தொடவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஸ்டூடியோக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பாராட்டைக் கையை நீட்டி வாங்கிப் பழகிய மனிதர். யாருடையது என்று பார்த்து வாங்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்.

"அடுத்த வருஷம் நான் ஒரு படம் வைப்பேன். அதை நீங்க தொடக்கூடாது."

"நான் எங்க தொட்டேன்?"

"கலர் சரி பண்ணக்கூடாது. ஓரம் வெட்டக்கூடாது. யோசனை சொல்லக்கூடாது. அது முழுக்க என்னோடதா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு."

"சத்தியமா" என்றார் அவர். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார்.

இந்த வருஷம் அவள் தேர்ந்தெடுத்தது ஒரு சாம்பல் நாரைக் கூடு. ஏரியின் தென்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு குட்டை மரம். அதில் ஆள் உயரத்தில் சுள்ளிக் கூடு, அதற்குள் மூன்று குஞ்சுகள். கிளப்புக்குப் பொதுவாக ஒரு பெரிய லென்ஸ் உண்டு, தண்ணீர்க்குடம் கனம். அதற்கு 'மாமனார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் வரும். வந்தால் மெத்தையில்தான் வைக்க வேண்டும், குறை சொல்லக்கூடாது, திருப்பி அனுப்பும்வரை நிம்மதி இருக்காது. இரண்டு வாரமாக மாமனார் இவர்கள் வீட்டில்தான் இருந்தார்.

எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கிளையைத் தவிர. விரல் மொத்தத்தில், இலை அடர்ந்து, கூட்டுக்கு முன்னாலும் மேலுமாக வளைந்து நின்றது. நாரையின் கழுத்து தெரிந்தால் குஞ்சு தெரியாது. குஞ்சு தெரிந்தால் நாரைக்குத் தலை இருக்காது.

"அந்தக் கிளை மட்டும் இல்லன்னா" என்று ஆரம்பித்தார் ஸ்டூடியோக்காரர்.

"இருக்கட்டும். காத்தடிச்சா விலகுது" என்றாள் அவள். "நான் காத்துக்காகத்தான் உட்காந்திருக்கேன்."

காற்றுக்காக ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அந்தக் கிளை அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கும்போதும் கிளை ஞாபகம். கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அடுத்த வாரம் சனிக்கிழமை. இடையில் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம். காற்று அடிக்காவிட்டால்? அவள் முகம் வாடிப்போனால்? தன் பெண்டாட்டிக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுக்க ஒரு கிளையா தடை? படத்தைத்தானே தொடக்கூடாது என்றாள், மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே வக்கீலும் ஆனார்.

சனிக்கிழமை மத்தியானம், ஆல்பம் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி ஏரிக்குப் போனார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பெரிய நாரைகள் இரண்டும் இரைக்குப் போயிருந்தன. குஞ்சுகள் அவரைப் பார்த்துக் கழுத்தை நீட்டிச் சீறின. "உங்க நல்லதுக்குத்தான்" என்று அவற்றிடம் சொல்லிவிட்டு, படச் சட்டத்தின் பின்னட்டை வெட்ட வைத்திருக்கும் கத்தியால் கிளையைச் சாய்வாக ஒரே வெட்டு. கிளை தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. ஒரு எட்டு பின்னால் வந்து பார்த்தார். திரை விலகிய மேடை மாதிரி இருந்தது. இத்தனை நாள் இதற்கா தவித்தோம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிறு காலை கிளப்பே தென்கரையில் கூடியது. அவள் மாமனாரை முக்காலியில் பூட்டிக் கண்ணை வைத்தவள், ஒரு நிமிஷம் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"கிளையைக் காணோம்" என்றாள்.

"காத்துல ஒடிஞ்சிருக்கும்" என்றார் ஸ்டூடியோக்காரர், யாரும் கேட்காமலே.

அவள் எடுக்க ஆரம்பித்தாள். காலை வெளிச்சம் கூட்டுக்குள் தாராளமாக விழுந்தது. அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெயில் ஏறியது. தொப்பிகள் வெளியே வந்தன. அப்போதுதான் பெரிய நாரைகளில் ஒன்று கூட்டின் விளிம்பில் எழுந்து நின்றது. மெதுவாக இரண்டு சிறகையும் விரித்து, குடை பிடிப்பதுபோல் குஞ்சுகளுக்கு மேலே தாழ்த்திப் பிடித்தது. அப்படியே நின்றது. சிறகின் ஓரமெல்லாம் வெயில் ஊடுருவித் தங்கமாய் எரிந்தது. அடியில் மூன்று குஞ்சுகளும் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து அண்ணாந்திருந்தன.

அவளுடைய கேமரா ஒருமுறை சொடுக்கியது. பிறகு இன்னொரு முறை. பின்னால் நின்றவர்கள் மூச்சை அடக்கினார்கள். பல் டாக்டர் அவள் கேமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, விதியை மறந்து சத்தமாகவே சொன்னார். "இதுதாங்க தாய்மை."

ஸ்டூடியோக்காரருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட நாக்கு துறுதுறுத்தது.

நாரை சிறகை மடக்கவே இல்லை. எல்லோரும் மரத்தடிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அப்போதும் அப்படியே நின்றது. அலகைப் பிளந்து வைத்திருந்தது. தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் இது இரைக்குப் போகல?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "போன வாரம் இந்த நேரத்துக்கு ரெண்டும் போயிட்டுப் போயிட்டு வந்துச்சே. இன்னிக்கு ஒண்ணு நகரவே மாட்டேங்குது. குஞ்சு பசியில கத்துது."

"வெயில் அதிகம்" என்றாள் உடற்பயிற்சி டீச்சர்.

"போன வாரமும் வெயில்தான். அப்ப நிழல் இருந்துச்சு."

ஸ்டூடியோக்காரர் கூட்டைப் பார்த்தார். அந்தக் கிளை இப்போது இருந்திருந்தால் அதன் நிழல் எங்கே விழும் என்று அவருடைய கண் தானாகவே கணக்குப் போட்டது. வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துப் பிழைத்த கண். நிழல் சரியாகக் கூட்டின் மேல் விழுந்திருக்கும். அது தாய்மையைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவர் வெட்டி எறிந்த கிளையின் வேலையை அது இப்போது சிறகால் செய்துகொண்டு நிற்கிறது. நகர்ந்தால் குஞ்சு வெந்துவிடும், நகராவிட்டால் அரைப் பட்டினி.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவள் பின்னறையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் முன்னறையில் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டார். மறுபடி பழைய இடத்துக்கே மாற்றினார். வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்தார்.

"படம் எப்படி?" என்றார் கதவில் சாய்ந்து.

"நல்லா வந்திருக்கு" என்றாள் அவள், திரும்பாமல்.

திங்கட்கிழமை காலையில் அவள் டீச்சரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய், ஸ்டூடியோ திறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தாள். அன்று மத்தியானம் அவர் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு, ஒரு சுருள் கம்பியும் பச்சைத் துணியும் எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினார். போய்ப் பார்த்தால் அங்கே வேலையே இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் இலை தழைத்த பெரிய கொம்பு ஒன்றை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார். கூட்டில் நிழல் விழுந்திருந்தது. ஒரு நாரை இரையோடு வந்து இறங்கியது. மூன்று குஞ்சுகளும் அதன் அலகைப் பிடித்து இழுத்தன. ஏரிக் காவல்காரர் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். கரையிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. குஞ்சு பிழைத்தது.

ஆனால் படம் இருந்தது. அவளிடம் சொல்லிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை சொல்லப் போனார், வாடிக்கையாளர் வந்துவிட்டார். புதன்கிழமை சாப்பிடும்போது தொண்டைவரை வந்தது, தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளிவிட்டார். அவளோ பாஸ்போர்ட் படங்களை வெட்டும்போதும், பாத்திரம் கழுவும்போதும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பரிசு வாங்கும்போது பேசப் பழகுகிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரை இன்னும் கொன்றது. கிளப்பின் விதி அவருக்குத் தெரியும். சொன்னால் அவளுடைய ஒரே ஒரு படம் போய்விடும். சொல்லாவிட்டால் அவள் தெரியாமலே பொய் சத்தியம் செய்வாள்.

சத்தியம் என்றால் நிஜமாகவே சத்தியம்தான். கண்காட்சிக்குப் படம் வைக்கிறவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். "தொடல, கூப்பிடல, தீனி போடல." அதாவது எதையும் கலைக்கவில்லை, போனில் பறவைக் குரல் போட்டு ஏமாற்றி வரவழைக்கவில்லை, இரை காட்டி இழுக்கவில்லை. சொன்ன பிறகுதான் படம் செல்லும்.

கூட்டம் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடந்தது. பல் படங்களைக் கழற்றிவிட்டுச் சுவரில் திரை கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் படம் காட்டினார்கள், எழுந்தார்கள், மூன்று வார்த்தை சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். ஸ்டூடியோக்காரர் முள்ளின் மேல் உட்கார்ந்திருந்தார். கால் தானாக ஆடியது. பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கடைசியாக அவளுடைய படம் வந்தது. அறையில் சத்தம் அடங்கியது. சுவர் முழுக்க அந்தச் சிறகு. யாரோ உச்சுக் கொட்டினார்கள். "போட்டியே முடிஞ்சுது" என்றார் ஒருவர். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாய்மைங்கறதை இதுக்கு மேல யாரும் காட்ட முடியாது. சொல்லுங்கம்மா."

அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். தொண்டையைக் கனைத்தாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

"நான் தொட்டேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. படம் எடுக்கறதுக்கு முதல் நாளே போய்க் கிளையை வெட்டினது நான்தான். என் தப்பு. அவளைத் தப்பா நினைக்காதீங்க." கொட்டித் தீர்த்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

பல் டாக்டர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "படத்தை வைக்க முடியாது சார். ஆனா இத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும்." ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். "அந்த வெளிச்சத்தைப் பார்த்தப்பவே நினைச்சேன், இது தொழில் தெரிஞ்சவர் வேலைன்னு" என்றார் ஒருவர். ஒரு வாரப் பாரம் இறங்கிய சுகத்தில் அவர் எல்லோரையும் பார்த்து ஈரக் கண்ணோடு சிரித்தார். திரையில் படத்தை அணைத்துவிட்டார்கள். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் பாதித் தெரு வரை பொறுத்தார்.

"கோபமா?"

"அன்னிக்குச் சாயங்காலமே பார்த்துட்டேன்" என்றாள் அவள். "படத்தைப் பெருசாக்கினப்ப. ஓரத்துல வெள்ளையா, சாய்வா ஒரு வெட்டு. ஒடிஞ்ச கிளை அப்படி இருக்காது. இத்தனை வருஷமா நீங்க சட்டம் வெட்டறதைப் பார்க்கறேன். எனக்குத் தெரியாதா?"

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். "அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீங்க பேசுவீங்க." அவள் நிற்காமல் நடந்தாள். அவர் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். "மறுநாள் காலையில டீச்சரைக் கூட்டிட்டுப் போய் நிழல் கட்டினது நான்தான். படம் செல்லாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் காட்டினேன். எல்லாரும் தாய்மை தாய்மைன்னு சொன்னாங்கல்ல, இல்லைங்க, அது வெயில் தாங்காம நிக்குது, பசியோட நிக்குது, ஒரு கிளையை எடுத்தா என்ன ஆகும்னு பாருங்கன்னு சொல்லணும்னு இருந்தேன். நானும் தொட்டேன், நிழல் கட்டத் தொட்டேன்னு சொல்லணும்னு இருந்தேன். உங்க பேர்கூட வந்திருக்காது. அத்தனை பேர் முன்னாடி நான் எழுந்து பேசினதே கிடையாது. ஒரு வாரமா வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பார்த்து வெச்சிருந்தேன்."

அவர் பாக்கெட்டில் கையை விட்டுச் சாவிக்கொத்தைத் தேடினார்.

"படம் போனா போகட்டும்" என்றாள் அவள். குரல் முதல்முறையாக நடுங்கியது. "அதையாவது என்னைச் சொல்ல விட்டிருக்கலாம்."

அவர் மனசு பதறியது. ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும். "வீட்டுக்குப் போனதும் டாக்டருக்கு போன் பண்ணிடறேன்" என்றார். "நிழல் கட்டினது நீதான்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவள் நின்று அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். தான் சொன்னது என்னவென்று அதற்குள் அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"இல்ல, இல்ல" என்றார் அவசரமாக. "நீயே சொல்லு. நாளைக்கு ஏரிக்கரையில எல்லார் முன்னாடியும் நீயே சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் உங்ககிட்ட அனுமதி கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.